உப்பளத்துப் பையனும் பத்தாம் நம்பர் சட்டையும்

யோசனை கேட்பதைப் போல் சுலபமான காரியம் உலகத்தில் வேறு இல்லை. யோசனை சொல்வது அதைவிடச் சுலபம். போன மாதம் வரையில் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்ணுக்கு வரன் பார்ப்பது, வடக்குப் பார்த்த வாசல், வயிற்று வலி, வீட்டுக் கடன் என்று எதைப்பற்றி யார் கேட்டாலும், பத்திரிகைக்காரன் என்ற ஹோதாவில் தட்டாமல் அபிப்பிராயம் சொல்லி வந்திருக்கிறேன். அந்த வழக்கத்துக்கு மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவர் ஒரு கேள்வி கேட்டு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்.

வேறொரு காரியமாக ஆரோவிலுக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்கு அந்தப் பாதை தெரிந்திருக்கும். மரக்காணம் நெருங்கும்போது இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தாற்போல் உப்புப் பாத்திகள். நடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். பஸ்ஸில் இருக்கும் குழந்தைகள் எல்லாம் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடும். அங்கிருந்து தெற்கே இன்னும் கொஞ்ச நேரம் போனால் ஆரோவில். 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி, 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு பளிங்குத் தாழியில் இட்டு ஆரம்பித்த ஊர் அது.

வந்த காரியம் முடிந்து, மாலையில் சும்மா நடந்துகொண்டிருந்தபோது ஒரு மைதானத்தில் பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்துக் கிராமத்துப் பையன்கள் பாதி; வெள்ளைக்காரப் பையன்கள் பாதி. யாருடைய பாஷை யாருக்குப் புரிந்ததோ, பந்தின் பாஷை எல்லாருக்கும் புரிந்தது. வேடிக்கை பார்க்க நின்றேன்.

அவர்களில் ஒருவன்மேல் கண் போய் ஒட்டிக்கொண்டது. பதின்மூன்று, பதினாலு வயசு இருக்கும். கறுத்து மெலிந்த தேகம். பிரேஸில் நாட்டு ஆட்டக்காரர்கள் போடும் மஞ்சள் சட்டை. முதுகில் பத்தாம் நம்பர். நம்பருக்கு மேலே யாரோ கறுப்பு மையில் 'பீலே' என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்கள். மற்ற பையன்களில் பலர் பூட்ஸ் போட்டிருந்தார்கள், இவன் வெறுங்கால். ஆனால் பந்து அந்த வெறுங்காலை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே ஓடிற்று. இரண்டு பேரை ஏமாற்றி, மூன்றாவது ஆள் யோசித்து முடிப்பதற்குள் கோல் போட்டுவிட்டான்.

"பேஷ்!" என்று என்னை அறியாமல் கத்திவிட்டேன்.

"நம்ம பையன்தான் ஸார்" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

திரும்பினேன். நாற்பது, நாற்பத்தைந்து வயசுக்காரர். பழைய மொபெட் ஒன்றில் சாய்ந்து நின்றார். முதலில் என் கண்ணில் பட்டவை அவருடைய பாதங்கள்தான். உப்பு நீரிலேயே நின்று நின்று வெடித்துப் போன பாதங்கள். உப்பளத்தில் பருவம் ஆரம்பிக்கும்போது பாத்தியின் சேற்றைக் காலால் மிதித்து மிதித்துத் தரைபோல் இறுக்குவார்கள். அப்புறம்தான் உப்பு நீரைப் பாய்ச்சுவது. அந்தக் கால்களைப் பார்த்தால், பையனுக்குப் பலம் எங்கிருந்து வந்தது என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

"அபாரமாக ஆடுகிறானே!" என்றேன்.

"அதான் ஸார் இப்ப தொல்லையே" என்றார் அவர்.

விஷயம் இதுதான். பையனைச் சர்க்கார் விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்பச் சொல்லிப் பயிற்சி கொடுக்கும் இளைஞர் ஒற்றைக் காலில் நிற்கிறார். தகப்பனாருக்கு யோசனையாக இருக்கிறது. மூத்தவன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு உப்பு மூட்டை ஏற்றப் போய்விட்டான். இவனாவது படித்து மேலே வரட்டும் என்று பார்த்தால், இவன் பந்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதாகக் காணோம்.

"பேப்பர்க்காரருன்னு சொல்றீங்க. நாலு விஷயம் தெரிஞ்சவரு. நீங்களே சொல்லுங்க. பந்து ஒதைச்சா சோறு வருமா ஸார்?"

கேட்டாரே ஒரு கேள்வி! எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பையனின் முதுகிலேயே பதில் எழுதியிருக்கிறதே! ஆரம்பித்தேன்.

பீலே 1940-இல் பிரேஸிலில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரும் பந்தாட்டக்காரர்தான், முழங்கால் கெட்டு முன்னுக்கு வர முடியாமல் போனவர். பிள்ளைக்குப் பந்து வாங்கக் காசில்லை. காலுறைக்குள் காகிதத்தையும் துணியையும் திணித்துக் கட்டி உதைத்தான் பையன். ரோட்டில் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டான். பதினேழாவது வயசில், 1958-ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஸ்வீடனுக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். அப்புறம் 1962, 1970. ஆக மூன்று உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். 1977-ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு கல்கத்தாவுக்கு வந்து, ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் அணியை எதிர்த்து ஆடினார். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று சமமாக முடிந்தது. அடுத்த மாதம் முதல் தேதி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அவரு பிரேஸில் ஸார்" என்றார். "அது வேற ஊரு. நம்ம பக்கத்து ஆளு யாராச்சும் பந்து ஆடிப் பேர் எடுத்திருக்காங்களா? எடுத்தவங்க கடைசி வரைக்கும் நல்லா இருந்தாங்களா?"

நேயர்களே, என் வாய் அடைத்துப்போயிற்று. பதில் தெரியாததனால் அல்ல, தெரிந்ததனால். அதற்கு நான் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி பீலே காலமானார். நான் ராத்திரி முழுக்க விழித்திருந்து அவரைப்பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். சரியாக ஏழு வாரம் கழித்து, 2023 பிப்ரவரி 16-ஆம் தேதி, கல்கத்தாவில் துளசிதாஸ் பலராம் என்பவர் எண்பத்தாறாவது வயசில் காலமானார். அன்று நான் ஒரு வரிகூட எழுதவில்லை. செய்தியைப் பார்த்தேன், 'யாரோ பழைய ஆட்டக்காரர்' என்று தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனேன். அந்தப் 'பழைய ஆட்டக்காரர்' தமிழ் பேசும் தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை என்று பிற்பாடு ஒரு நாள் படித்தபோது, யாரோ முதுகில் ஓர் அறை அறைந்தாற்போல் இருந்தது.

அந்தக் கதையைத்தான் மைதானத்து ஓரத்தில் நின்றபடி உப்பளத்துக்காரரிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

ஸெகந்திராபாத் பட்டாளத்து ஊர். அதன் ஓரத்தில் அம்முகூடா என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே 1936-இல் பிறந்தவர் பலராம். தாயார் முத்தம்மா. வீட்டில் கஷ்ட ஜீவனம். பிள்ளை படித்து ஓர் உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை. பிள்ளைக்கோ பந்தின்மேல் பைத்தியம். ஒழுங்காகப் படிக்கிறேன் என்று சத்தியம் செய்து, தாயாரிடம் சில்லறை வாங்கி, போலீஸ்காரர்கள் கழித்துப் போட்ட பழைய பூட்ஸின் தோலைக் கொண்டு சக்கிலியரிடம் தமக்கு ஒரு ஜோடி தைத்துக்கொண்டதாகப் பலராம் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

பூட்ஸுக்கு அந்தக் காலத்தில் ஏன் அத்தனை மவுசு என்று கேட்கலாம். நம்மவர்கள் அதுவரையில் பெரும்பாலும் வெறுங்காலோடுதான் ஆடி வந்தார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸை எதிர்த்து நம் அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றாலும், அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன் என்ற நம் தென்னாட்டுக்காரர். 1952-இல் ஹெல்ஸிங்கி குளிரில் யுகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று உதை வாங்கிய பிறகுதான் நம் சங்கத்தாருக்குப் புத்தி வந்து, பூட்ஸ் போட்டே தீர வேண்டும் என்றார்கள்.

ஹைதராபாத்தில் ஸையத் அப்துல் ரஹீம் என்று ஒரு பயிற்சியாளர் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். பந்தாட்டக்காரனைக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான். அவர் கண்ணில் பலராம் பட்டார். பயிற்சிக்கு நகரத்துக்கு வரச் சொன்னபோது, வந்துபோகக் காசில்லை என்றார் பையன். சைக்கிளுக்கு வழி செய்து கொடுத்தார் ரஹீம். சைக்கிள் மிதித்த கால், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் மைதானத்தை மிதித்தது. அப்போது வயசு இருபது. ஆஸ்திரேலியாவை அவர்கள் ஊரிலேயே நாலுக்கு இரண்டு என்று தோற்கடித்து, அரை இறுதிக்குப் போய், கடைசியில் நாலாம் இடம் பெற்றது நம் அணி. ஒலிம்பிக்ஸ் கால்பந்தில் அரை இறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு நாம்தான்.

1957-இல் பலராம் கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் அணிக்குப் போனார். பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரும் நம் நாட்டு முன்னணி வரிசையில் ஆடிய காலத்தை இன்றைக்கும் வங்காளத்துக் கிழவர்கள் கண் கலங்கப் பேசுவார்கள். 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்ஸ். எதிரே ஹங்கேரி. அந்தக் காலத்தில் ஹங்கேரி என்றால் பெரிய பெரிய தேசங்கள் நடுங்கும். இரண்டுக்கு ஒன்று என்றுதான் அவர்களால் நம்மை ஜெயிக்க முடிந்தது. நம் பக்கத்து ஒரு கோலைப் போட்டவர் பலராம். அடுத்து பிரான்ஸோடு ஒன்றுக்கு ஒன்று.

மறு வருஷம் அவர் ஈஸ்ட் பெங்காலுக்குக் காப்டன். அந்த வருஷமே கல்கத்தா லீக் சாம்பியன் பட்டத்தை அந்த அணி பிடித்தது.

பிறகு வந்தது 1962. ஜூன் மாதம் பிரேஸில் சிலி நாட்டில் உலகக் கோப்பையை ஜெயித்தது. பீலேக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே காயம். மீதியை வெளியே உட்கார்ந்துதான் பார்த்தார். ஆகஸ்டு கடைசியில் நம் அணி ஜாகர்த்தாவில் ஆசிய விளையாட்டில் ஆடத் தொடங்கியது. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுத்ததை இந்தியர் ஒருவர் கண்டித்துப் பேசியதால், அந்த ஊர் ஜனங்களுக்கு நம்மேல் அடங்காத கோபம். நம் தூதரகத்தைக்கூடத் தாக்கினார்கள். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோல்வி. அப்புறம் தாய்லாந்து, ஜப்பான், தென் வியட்நாம் மூன்றையும் வென்று, செப்டம்பர் 4-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவை மறுபடி சந்தித்தார்கள். அரங்கம் நிறைய ஜனங்கள். அத்தனை பேரும் நமக்கு விரோதம். கோல் காப்பதற்குத் தங்கராஜ். இடது கோடியில் பலராம். பானர்ஜி ஒரு கோல், தலையில் தையல் போட்டுக்கொண்டு ஆடிய ஜர்னெயில் சிங் ஒரு கோல். இரண்டுக்கு ஒன்று. தங்கப் பதக்கம் நமக்கு!

அதற்குப் பிறகு இத்தனை வருஷமாகியும் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குத் தங்கம் கிடைக்கவில்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், அன்றைய பெருமை புரியும்.

இங்கே கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சினிமாவில் அப்படித்தான் முடிப்பார்கள். ரஹீமின் கதையை வைத்து 2024-இல் 'மைதான்' என்ற ஹிந்திப் படம் வந்தது. அதில் பலராமும் ஒரு பாத்திரம். ஆனால் பலராமுக்கு அதற்குமேல் அறுபது வருஷ வாழ்க்கை பாக்கி இருந்தது.

ஜாகர்த்தாவிலேயே ரஹீமின் நுரையீரலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. 1963 ஜூன் மாதம் அவர் போய்விட்டார். அதே வருஷம் பலராம் பி.என்.ஆர். என்ற ரயில்வே அணிக்கு மாறினார். அங்கே ஆட்டத்தோடு உத்தியோகமும் உண்டு. ஆனால் கொஞ்ச நாளில் அவருக்கும் நுரையீரலில் வியாதி கண்டது. இனி ஓடினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இருபத்தேழாவது வயசில் ஆட்டம் முடிந்தது. பீலே முப்பத்தாறு வயசு வரையில் ஆடினார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அர்ஜுனா விருது கிடைத்தது. மற்ற இரண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. அந்த மனத்தாங்கல் அவருக்குக் கடைசி வரையில் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாடா என்ற ஊரில், ஹூக்ளி நதிக் கரையில், தனியாக வாழ்ந்தார். 2020-ஆம் ஆண்டில் ஆறு வார இடைவெளியில் பானர்ஜியும் கோஸ்வாமியும் போனார்கள். மூன்று வருஷம் கழித்து இவரும் போனார். பீலே போனதை உலகமே அழுதது. பலராம் போனதைப் பார்த்துவிட்டு நான் அடுத்த வேலைக்குப் போனேன்.

சொல்லி முடித்தேன். மைதானத்தில் வெளிச்சம் மங்கிவிட்டது. உப்பளத்துக்காரர் ரொம்ப நேரம் பேசவில்லை. என் கதை அவருடைய கேள்விக்குச் சாதகமா, பாதகமா என்று எனக்கே தெரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு பீலேயோடு நிறுத்தியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றிற்று.

"ரயில்வேயில வேலை குடுத்தாங்கன்னீங்களே, அது பந்து ஆடினதுக்காகத்தானே?" என்றார் திடீரென்று.

"ஆமாம்."

"இப்பவும் அப்படி உண்டா?"

அப்பாடா, இதற்குப் பதில் சொல்ல முடியும்! விளையாட்டில் பேர் எடுத்தவர்களுக்குத் தமிழ்நாட்டு அரசாங்க வேலைகளில் 3 சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றேன். ரயில்வேயிலும் போலீஸிலும்கூட ஆட்டக்காரர்களை எடுக்கிறார்கள். ஆனால் மாவட்டத்துக்குள் ஆடினால் போதாது. மாநில அளவில், தேச அளவில் ஆட வேண்டும். விடுதியில் சேர்ந்தால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் உண்டு, பள்ளிக்கூடமும் உண்டு. கால் ஒடிந்தால், வியாதி வந்தால் என்ன ஆவது என்பதற்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதற்குத்தான் படிப்பு.

"அந்த அம்மா சொன்னதும் அதைத்தானே ஸார்?" என்றார்.

"எந்த அம்மா?"

"அவரோட அம்மா. படிக்கிறேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தானே பூட்ஸுக்குக் காசு குடுத்துச்சு?"

இத்தனை தேதிகளையும் கோல் கணக்கையும் சொன்ன எனக்குப் பிடிபடாத விஷயத்தை அவர் ஒரே பிடியில் பிடித்துவிட்டார்.

அதற்குள் பையன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். தகப்பனார் துண்டை எடுத்து அவன் தலையைத் துவட்டினார். "டேய், இந்த ஸார் ஒருத்தரைப்பத்திச் சொன்னாரு. அம்மாகிட்டச் சொல்லணும், ஞாபகம் வச்சுக்க. பேரு என்னா ஸார்?"

"பலராம்."

"பலராம்" என்றான் பையன். "அவரு யாரு ஸார்? எந்த டீம்?"

"இந்தியா" என்றேன்.

மொபெட் கிளம்பிற்று. தேர்வுக்கு அனுப்பப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வண்டி கொஞ்ச தூரம் போனதும் தகப்பனார் திரும்பிப் பார்த்து, "இந்த சைஸுக்குப் பூட்ஸ் என்ன விலை இருக்கும் ஸார்?" என்று கத்தினார். எனக்குத் தெரிந்த விலையை நானும் கத்தினேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

என்னிடம் யோசனை கேட்டு எழுதும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். இனிமேல் பதில் சற்றுத் தாமதமாகவே வரும். முதலில் என்னுடைய பழைய பாக்கிகளைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்றை, 2023 பிப்ரவரியில் எழுதியிருக்க வேண்டியதை, இப்போது எழுதிவிட்டேன்.